‘2017 மாடல் பென்ஸ்’ என்றால் எந்த பென்ஸ்?

வாசகர் கேள்விகள்: இந்த இதழில் பழைய சொகுசு செடான்கள். பதில் சொல்பவர், கோவை அவிநாசி சாலையில் பல வருடங்கள் பட்டறை நடத்தியவர்.

கேள்வி: ஜவுளி ஏற்றுமதி செய்கிறேன். வாரத்தில் பாதி நாள் கோவைக்கும் திருப்பூருக்கும் போக வேண்டியிருக்கிறது. இரண்டு புரோக்கர்கள் ஆளுக்கு ஒரு ‘2017 மாடல் இ-கிளாஸ் டீசல்’ காட்டினார்கள். இரண்டும் எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியவை. ஆனால் ஒன்று மற்றதைவிட ஏழு லட்சம் குறைவு. விலை குறைந்த காரில் ஏதாவது கோளாறு மறைந்திருக்குமா? (கரூர் வாசகர்)

பதில்: கோளாறே இல்லாமலும் அந்த வித்தியாசம் வரும். நீங்கள் பார்த்தவை அநேகமாக இரண்டு வேறு கார்கள். நம் ஊரில் ‘மாடல்’ என்று புரோக்கர் சொல்வது பெரும்பாலும் பதிவு செய்த வருடம். கார் எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்பது அதே ஆர்.சி.யில் தனியாக அச்சாகியிருக்கும். முதலில் அந்த வரியைப் படியுங்கள்.

இ-கிளாஸில் 2009-லிருந்து வந்த தலைமுறைக்கு 212 என்று எண். அதற்கடுத்தது 213. இது இந்தியாவுக்கு 2017 பிப்ரவரி கடைசியில்தான் வந்தது. வரும்போதே பின்சீட்டில் உட்காருகிறவருக்காக நீட்டப்பட்ட உடலோடு வந்தது. 2016-ல் தயாராகி விற்காமல் நின்ற 212 கார்கள் தள்ளுபடியில் விற்று 2017-ல் பதிவானதை என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் காரும் ‘2017’, புதிய தலைமுறைக் காரும் ‘2017’. புரோக்கர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார்.

கண்டுபிடிப்பது சுலபம். சேசிஸ் எண்ணில் முதல் மூன்று எழுத்துகளுக்கு அடுத்து 212 என்று இருக்கிறதா, 213 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் வேண்டாம் என்றால் பின்சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். 212-ல் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 2,874 மில்லிமீட்டர். நம் ஊருக்கு வந்த 213-ல் 3,079. இருபது சென்டிமீட்டர் வித்தியாசத்தை முழங்கால் சொல்லிவிடும். டீசலில் 212-க்கு ஏழு கியர், 213-க்கு ஒன்பது.

சரி, எதை வாங்குவது? நீங்களே ஓட்டுவீர்கள் என்றால் விலை குறைந்த 212-ஐத் தயங்காமல் வாங்குங்கள். ஒரு தலைமுறையின் கடைசி வருடத்துக் கார்தான் அந்தத் தலைமுறையிலேயே நல்ல கார் என்பது என் உறுதியான கருத்து. இதே 212-ல் 2009 முதல் 2011 வரை வந்த நான்கு சிலிண்டர் டீசல்களில், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் வேலைக்கு பீசோ வகை இன்ஜெக்டர்கள் இருந்தன. அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப்போய், கம்பெனியே வேறு வகை இன்ஜெக்டருக்கு மாறியது. 2013-ல் முகம் மாறியது. நான்கு கண்ணாக இருந்த முன்விளக்கு இரண்டானது. அதற்குப் பிறகு வந்த கார்களில் அந்தப் பழைய தலைவலி இல்லை. என் வீட்டில் நிற்பதும் 2014 தயாரிப்பு 212-தான். எனக்கு அதை விற்க மனமில்லை.

டிரைவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து போனில் வியாபாரம் பேசுகிறவர் என்றால் 213-ஐ எடுங்கள். அந்த இடத்துக்காகத்தான் அந்தக் காரே நீட்டப்பட்டது.

212-க்கு 2016 கார் விலைதான் கொடுக்க வேண்டும், 2017 விலை இல்லை. அப்புறம், மிச்சமாகும் ஏழு லட்சத்தில் மூன்று லட்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். கார் விலை பாதிக்கும் கீழே வந்திருக்கும். ஆனால் அதன் டிஸ்க், ஷாக், கன்ட்ரோல் ஆர்ம், டயர் எதற்கும் விலை இறங்கவில்லை. அறுபது லட்ச ரூபாய் காருக்கு உண்டான பாகங்கள்தான் இன்றும் போட வேண்டும். எழுபதாயிரம் கிலோமீட்டரில் நிற்கும் காருக்கு முதல் வருடத்திலேயே நான்கு டயர், பிரேக், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி என்று வரிசையாக வரும். அந்தப் பணம் இல்லாமல் வாங்கியவர்கள்தான் இரண்டு வருடத்தில் நொந்துபோய் விற்கிறார்கள். அந்த மாதிரி விற்ற காரை வாங்குகிறவர் நிலைமை இன்னும் மோசம்.

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 29. சொந்தமாக ஓட்ட பி.எம்.டபிள்யூ 320டி வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 2011, 2013, 2016 என மூன்று கார்கள் பார்த்தேன். பட்ஜெட் 2013-க்குச் சரியாக இருக்கிறது. வாங்கலாமா? (சென்னை, தாம்பரம் வாசகர்)

பதில்: தம்பி, ஆசை நியாயமானது. ஓட்டுவதற்கு அந்தக் கார் மாதிரி இன்னொன்று அந்த விலையில் கிடையாது. உங்கள் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் 2007-லிருந்து அந்தக் கார்களைப் பொருத்துகிறார்கள்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ஜின் எண். 2007 முதல் இந்தக் காரில் வந்த இரண்டு லிட்டர் டீசல் என்ஜினுக்கு என்47 என்று பெயர். நீங்கள் சொல்லும் 2011 பழைய உடல், 2013 அடுத்த தலைமுறை உடல். இரண்டிலும் இருப்பது இந்த என்47-தான். இதில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயினை என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டும் பக்கத்தில் வைத்தார்கள். செயின் தளர்ந்து சத்தம் போட்டால், மாற்றுவதற்கு என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டிச் செயின் அறுந்தால் என்ஜின் போய்விடும். 2011 வரை வந்தவற்றில் இந்தத் தொல்லை அதிகம், பிறகு குறைந்தது. ஆனாலும் 2013 காரைக் காதால் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

எப்படி என்றால், விற்பவரிடம் முந்தின நாளே சொல்லுங்கள்: “காலையில் நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.” போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல், விண்ட்ஷீல்டுக்குக் கீழே, என்ஜின் முடியும் இடத்தில் காதை வையுங்கள். சங்கிலி உரசுகிற ஒரு கரகரப்பு கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

2016 ஜனவரியில் முகம் மாறிய 3 சீரிஸ் இந்தியாவுக்கு வந்தது. அதில் பி47 என்ற புதிய என்ஜின். செயின் இதிலும் பின்பக்கம்தான், ஆனால் பழைய வியாதி பெருமளவு தீர்ந்தது. கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து அந்த 2016-ஐ எடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. உங்களுக்கு 29 வயதுதான், ஒரு வருடம் காத்திருக்கலாம்.

இன்னொன்று: இந்தக் கார்களில் ரன்-ஃபிளாட் டயர்கள். காற்றே இல்லாமல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஒரு 80 கிலோமீட்டர் ஓடும். அதனால் பல கார்களில் ஸ்டெப்னி இருக்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்த டயர். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று காட்டும் காரில் நான்கு டயரும் ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால், மீட்டரைச் சந்தேகப்படுங்கள். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டினால், மீட்டரைத் தவிர மற்ற கன்ட்ரோல் யூனிட்களிலும் பதிவாகியிருக்கும் கிலோமீட்டரை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வார். மீட்டரைத் திருத்துகிறவர்கள் எல்லா இடத்திலும் திருத்துவதில்லை.

கேள்வி: வேளச்சேரிக் கார் என்றால் யோசிக்க வேண்டும் என்கிறார் நண்பர். உண்மையா? (சென்னை, அடையாறு வாசகி)

பதில்: உண்மை. வேளச்சேரி மாதிரி தாழ்வான பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழுகிய கார்கள் ஏலத்தில் போய், துடைத்து மெருகேற்றி மறுபடி விற்பனைக்கு வந்தன. சொகுசுக் காரில் இது மிகவும் ஆபத்து. பி.எம்.டபிள்யூவில் பேட்டரியே டிக்கியில் இருக்கிறது. பல பென்ஸ்களில் தரைவிரிப்புக்கு அடியில் ஒயரிங் கூட்டமும் கன்ட்ரோல் யூனிட்டும் ஓடுகின்றன. நனைந்தது அன்றைக்கே கெடாது. செம்பு பச்சை பூத்து, ஒரு வருடம் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கும். முன்சீட்டின் தண்டவாளத்தைத் தரையோடு பிடிக்கும் போல்ட்களில் துரு இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி குழியில் கையை விட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் காரை விட்டுவிடுங்கள் அம்மா, ஊரில் வேறு கார் இருக்கிறது.

கேள்வி: டெல்லியில் எட்டு, ஒன்பது வருட டீசல் ஆடி, பென்ஸ் எல்லாம் இங்குள்ள விலையில் முக்கால்வாசிக்குக் கிடைக்கிறது. போய் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அங்கே ஏன் மலிவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தலைநகர் பகுதியில் பத்து வருடம் தாண்டிய டீசலும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் கொஞ்சம் தளர்வு வந்தாலும் பயம் போகவில்லை. அதனால் அங்குள்ளவர்கள் ஒன்பதாவது வருடத்தில் விற்றுவிடப் பார்க்கிறார்கள். ஆக, மலிவு என்பதாலேயே கெட்ட கார் என்று அர்த்தம் இல்லை.

கணக்கு வேறு இடத்தில் உதைக்கும். அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும், கடன் இருந்தால் தீர்த்த சான்று வேண்டும், இங்கே வந்து மறுபதிவு செய்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு வரி இருபது சதவீதம். பழைய காருக்கு வயதுக்கு ஏற்பக் குறையும். ஆனாலும் கணக்கு ஆரம்பிப்பது நீங்கள் கொடுத்த விலையிலிருந்து இல்லை, காரின் அசல் விலையிலிருந்து. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.சி. நகலோடு திண்டுக்கல் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் வரி எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தப் பணத்தை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

காரைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கவலை உண்டு. டெல்லிக் கார் பெரும்பாலும் நெரிசலில் குறுகிய தூரம் ஓடியது. டீசலின் புகைவடிகட்டி நீண்ட தூரம், நல்ல சூட்டில் ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நின்று நின்று ஓடிய காரில் அது அடைத்திருக்கும். வாங்குவதற்கு முன் ஸ்கேனரில் அந்த அடைப்பின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடி என்றால் கூடுதலாக ஒன்று: 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புதிய புகை விதி வந்தபோது ஆடி இந்தியாவில் டீசலையே நிறுத்திவிட்டது. பழைய ஏ4 டீசலில் மல்டிட்ரானிக் என்ற பெல்ட் போன்ற சங்கிலியில் ஓடும் கியர்பாக்ஸ் வந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்தில் குறைவு. 2016-ல் தொடங்கிய அடுத்த தலைமுறை ஏ4 என்றால் ஏழு கியர் இரட்டை கிளட்ச். அதைத் தேடுங்கள்.

கேள்வி: அப்பா 1996-ல் வாங்கிய பென்ஸ் இ220 எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. அம்மா விற்க வேண்டாம் என்கிறார். தம்பி எடைக்குப் போடலாம் என்கிறான். ஓட வைக்க முடியுமா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

உங்கள் வீட்டில் நிற்பது 124 என்ற தலைமுறை. 1995-ல் புனேயில் பென்ஸ் கார்களைப் பொருத்தத் தொடங்கியபோது முதலில் வந்தது இதுதான். முன்கண்ணாடியில் ஒற்றை வைப்பர், கதவைச் சாத்தினால் கேட்கும் கனமான சத்தம். கையால் பழுது பார்க்கக்கூடிய கடைசி பெரிய பென்ஸ் என்று நான் இதைத்தான் சொல்வேன். உங்கள் அப்பா நல்ல காராகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

யாரையும் சாவியைத் திருப்ப விடாதீர்கள். முதலில் டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை முழுவதும் இறக்க வேண்டும். மூன்று வருட பெட்ரோல் கெட்டு, பசையாகி இருக்கும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊற விட்டு, முன்பக்க கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பிறகு என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ரப்பர் ஹோஸ், பெல்ட் எல்லாம் புதிது. பிரேக் பிஸ்டன்கள் பிடித்திருக்கும், அவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒயரிங். 1990-களின் முற்பாதியில், சுமாராக 1992 முதல் 1995 வரை செய்த பென்ஸ் என்ஜின்களில், மண்ணில் மக்கக்கூடிய ஒருவகை உறையை ஒயரிங்குக்குப் போட்டார்கள். அது என்ஜின் சூட்டிலேயே பொடிந்து உதிர்ந்தது. உங்கள் கார் அந்தக் காலத்தின் எல்லையில் நிற்கிறது. என்ஜின் மேல் போகும் ஒயர் ஒன்றை லேசாக வளைத்துப் பாருங்கள். உறை பிஸ்கட் மாதிரி உடைந்தால் ஹார்னஸ் என்ற அந்த ஒயர்க் கட்டு முழுவதையும் மாற்றிய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் ஷார்ட் ஆகி கம்ப்யூட்டர் யூனிட் போய்விடும், அதற்குச் செலவு அதிகம்.

ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் பத்தாயிரமாக உயர்த்தினார்கள். அப்பா பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றும் வேலையும் உண்டு. அதை முதலில் முடியுங்கள். அம்மா பெயருக்கே மாற்றலாம்.

கேள்வி: நான்கு லட்சத்துக்கு 2005 இ-கிளாஸ் ஒன்று நல்ல நிலையில் வருகிறது. எடுக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வேண்டாம். 211 என்ற அந்தத் தலைமுறையில் தொடக்க வருடங்களில் எஸ்.பி.சி. என்ற மின்சார பிரேக். மிதியை நீங்கள் மிதிப்பதை கம்ப்யூட்டர் படித்து, ஒரு பம்ப் மூலம் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். எத்தனை முறை பிரேக் போட்டீர்கள் என்று அந்த யூனிட்டே எண்ணிக்கொண்டு வரும். எண்ணிக்கை முடிந்தால் சிவப்பு எச்சரிக்கை வரும், யூனிட்டை மாற்ற வேண்டும். 2004-லும் 2005-லும் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். 2006-ல் முகம் மாற்றியபோது அதை அடியோடு எடுத்துவிட்டு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பினார்கள்.

211 மேல் ஆசை என்றால் 2007-க்குப் பிறகு தயாரான காரைப் பாருங்கள். ஆறு சிலிண்டர் பெட்ரோலாக இருந்தால் என்ஜின் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். எம்272 என்ற அந்த என்ஜினில் தொடக்கத்தில் வந்தவற்றில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் தேய்ந்துபோகும். அதற்கும் என்ஜினை இறக்க வேண்டும்.

கேள்வி: ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதே, இனி பழைய கார் வாங்குவதில் லாபம் உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: 2025 செப்டம்பர் 22-லிருந்து, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட பெரிய செடான்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 48 சதவீதமாக இருந்த வரி 40 ஆனது. புதிய கார் விலை இறங்கியதால், அதற்கு முன் கேட்ட பழைய கார் விலையை இன்றும் கேட்கிறவரிடம் நீங்கள் தாராளமாகப் பேரம் பேசலாம். இன்சூரன்ஸ் கணக்கில் ஒரு கார் மூன்று வருடம் முடிந்ததும் நாற்பது சதவீதமும், நான்கு முடிந்ததும் ஐம்பது சதவீதமும் மதிப்பை இழக்கிறது. முதல் சொந்தக்காரர் அந்த இழப்பைத் தாங்கிக்கொண்ட பிறகு, நான்காவது வருடத்தில் வாங்குவதுதான் சரியான நேரம். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் கொடுக்கும் ‘ஜீரோ டெப்’ இன்சூரன்ஸைப் பெரும்பாலும் அந்த வயதில் இன்னும் எடுக்க முடியும். இந்தக் கார்களுக்கு அது கட்டாயம் வேண்டும், ஒரு முன்விளக்கின் விலையைக் கேட்டாலே புரியும்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் அதுவே போதும் என்று சர்வீஸில் சொன்னார்கள். 90,000 கிலோமீட்டர் ஆகிறது. பி.எம்.டபிள்யூ 520டி, 2018. (சேலம் வாசகர்)

பதில்: மாற்றுங்கள். உங்கள் காரில் உள்ள எட்டு கியர் பெட்டியைச் செய்தவர்கள் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம். அவர்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். வடிகட்டி அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே இருக்கும், அதனால் தட்டையும் சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். ஆயில் ஊற்றியபின் அளவு பார்ப்பது என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகுதான். ஸ்கேனரில் அந்தச் சூட்டைப் பார்க்காமல் குத்துமதிப்பாக மூடுகிற பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.